மைசூருக்கே போகச் சொல்லுது அண்ணன்

அண்ணன் ஊமை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத்தான் தொண்டை வறண்டது. பிறக்கும்போதே அவனுக்கு மேல்வாய் பிளந்திருந்தது. எட்டு வயதில் மதுரைக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தார்கள். தையல் ஆறியது, பேச்சு மட்டும் மாறவில்லை. காற்றெல்லாம் மூக்கு வழியாகப் போய்விடும். அவன் 'காபி' என்றால் கேட்கிறவர்களுக்கு ஏதோ முனகல் மாதிரி இருக்கும். ஆபரேஷனுக்குப் பிறகு பேசப் பழக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னது எங்களுக்கு விளங்கவில்லை.

நான் அவனைவிட ஐந்து வயது இளையவள். அவன் பேச்சைக் கேட்டே வளர்ந்ததாலோ என்னவோ, எனக்கு அது முழுக்க விளங்கும். அம்மாவுக்குப் பசி, தூக்கம், காய்ச்சல் வரை விளங்கும். அதற்கு மேல் எல்லாம் என் வழியாகத்தான். அண்ணன் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான், அப்பா என்னைப் பார்த்து, "என்னட்டி சொல்லுதான்?" என்பார். பலசரக்குக் கடைக்காரருக்கும் சலூன்காரருக்கும் நான்தான் சொன்னேன். "வாயுள்ள பிள்ளை பிழைச்சுக்கும்" என்று என்னை மெச்சுவார்கள். அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மெச்சுவார்கள்.

எனக்கு அதில் கர்வம் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அண்ணன் கோபக்காரன். அப்பாவை நாலு வார்த்தை திட்டியிருப்பான், "அண்ணனுக்குப் பிடிக்கலையாம்" என்று காரம் குறைத்துச் சொல்வேன். வீட்டில் சண்டை வராமல் காப்பாற்றுவது நான்தான் என்று நினைப்பு.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவனுக்கு வேலை கேட்கப் போனபோதும் நான் கூடப் போனேன். அங்கிருந்த மேஸ்திரி, வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். "உங்க அண்ணனுக்கு இங்க பேச்சே வேண்டாம்மா, கை இருந்தாப் போதும்" என்றார். உண்மைதான். உள்ளே மெஷின் இரைச்சலில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது, எல்லாரும் கைச்சாடையில் பேசிக்கொள்வார்கள். "அங்க எல்லாரும் என்னய மாதிரிதான்" என்று ஒருநாள் அண்ணன் என்னிடம் சொல்லிச் சிரித்தான். அதை நான் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

நான் பிளஸ் டூ முடித்தது எண்பதுகளின் கடைசியில். எங்கள் உயிரியல் டீச்சர் பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் கத்தரித்துக் கொடுத்தார். மைசூரில் பேச்சுக் குறைபாடுகளுக்கும் செவிக் குறைபாடுகளுக்கும் மருத்துவம் கற்றுத்தரும் மூன்று வருடப் பட்டப்படிப்பு. விசாரித்தபோது பாளையங்கோட்டையில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. காது கேளாத குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆசிரியப் பயிற்சி, ஒரே வருடம். சனிக்கிழமை பஸ் ஏறினால் வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டுக்கும் விண்ணப்பம் வாங்கினேன்.

அண்ணனுக்குக் காது பாம்புக் காது. கோளாறு வாயில். அவனுக்காகப் படிப்பதென்றால் மைசூர்தான் சரி. அப்படித்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு மூன்று வருடமாவது என் வாய் எனக்கு மட்டும் வேலை செய்யட்டும் என்ற ஆசையும் இருந்தது. அதைச் சொல்ல வெட்கம். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

விறகுக்கடை வைத்திருந்த அப்பா இந்த விஷயத்தில் பிடி கொடுக்கவே இல்லை. விண்ணப்பம் அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது, "நீ போனா செரமப்படப் போறது அவன். அவன் என்ன சொல்லுதானோ அதான்" என்று முடித்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் ஷிஃப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு வந்தான். அம்மா காபி கொடுத்தாள். எது எந்த ஊர், எத்தனை வருடம் என்று நானே அவனுக்கு விளக்கினேன். அவன் செத்த நேரம் யோசித்தான். பிறகு அப்பாவைப் பார்த்து நிதானமாகப் பேசினான். அவன் சொன்னது இதுதான்: "மைசூர் வேண்டாம்ப்பா. பாளையங்கோட்டைக்குப் போட்டும். வாரம் ஒருக்கா வந்துருவா. மூணு வருசம் நான் யார்ட்ட பேச?"

"என்னட்டி சொல்லுதான்?" என்றார் அப்பா.

"மைசூருக்கே போகச் சொல்லுது அண்ணன்" என்றேன்.

திட்டமிட்டுச் சொன்ன பொய் இல்லை. ஆனால் சொல்லும்போது நாக்கு தடுக்கவும் இல்லை. அண்ணன் என்னையே பார்த்தான். தலையை ஆட்டி மறுத்திருக்கலாம், பாளையங்கோட்டை விண்ணப்பத்தைக் கையில் எடுத்திருக்கலாம். அதற்குள் அப்பா அவன் தோளில் கை வைத்து, "நல்ல மனசுலே உனக்கு" என்று சொல்லிவிட்டார். அப்பா அவனிடம் நேராகப் பேசுவது அபூர்வம். அண்ணன் காபியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போனான்.

அதன் பிறகு நான் லீவுக்கு வரும்போதெல்லாம் அவன் தலையசைப்போடு நிறுத்திக்கொண்டான். முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்துப் பேச்சுப் பயிற்சிக்குக் கூப்பிட்டால், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவான். படித்த படிப்பு யாருக்காக என்று சொன்னேனோ, அவன் ஒருநாள்கூட என் முன்னால் உட்காரவில்லை.

மூன்றாம் வருடம், தெரிந்த ஒருவரின் பேச்சைப் பற்றி முழு விவரமும் எழுதிவரச் சொன்னார்கள். நான் அண்ணனைப் பற்றி எழுதினேன். 'அவர் பேச்சு வீட்டில் எத்தனை பேருக்கு விளங்கும்?' என்ற கேள்விக்கு 'ஒருவருக்கு' என்று எழுதியிருந்தேன். எங்கள் பேராசிரியை அதை அடிக்கோடிட்டு, "மற்றவர்களைச் சோதித்துப் பார்த்தாயா?" என்று கேட்டார். பார்க்கவில்லை. அண்ணன் பேச்சு எனக்கு மட்டும்தான் விளங்கும் என்பதைக் கேள்வி கேட்காமல் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையில்தான் அன்று அத்தனை துணிச்சலாகப் பொய் சொன்னேன். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த லீவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். "அப்பா, அன்னைக்கு அண்ணன் மைசூர் வேண்டாம்னுதான் சொன்னுச்சு. நான்தான் மாத்திச் சொன்னேன்."

அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "தெரியும்ட்டி" என்றார். "பாளையங்கோட்டைன்னு அவன் சொன்னது எனக்கே வெளங்குச்சே. அவன் பேசுததுல முக்காவாசி எனக்கு வெளங்கும். உன்னய நல்ல படிப்பா படிக்க வச்சிரணும்னு எனக்கும் இருந்துச்சு. நீ அப்படிச் சொன்னதும் நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

என்னைத் தேற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார். முக்கால்வாசி விளங்கியும் இத்தனை வருடம் எதற்கு என்னைக் கேட்டார்? என்னைக் கேட்டால் என்னிடம் பதில் சொன்னால் போதும், அவனிடம் சொல்ல வேண்டாம். நான் பெருமையாகச் செய்துவந்த வேலை அதற்குத்தான் பயன்பட்டிருக்கிறது.

அண்ணன் அப்பாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

"வெளங்குச்சுன்னா, ஏம்ப்பா எங்கிட்ட பேசல?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்கவில்லை. அப்பாவும் என்னைப் பார்த்து, "என்னட்டி சொல்லுதான்?" என்று கேட்கவில்லை.