ஏழு எண்ணிக்கைக்கு ஒரு காது

ஒரகடம் சாலையில் ஒருவன் ப்ரோக்ரஸிவ் ராக் ஆல்பம் எடுக்கப் போகிறேன் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, கல்யாணத்துக்கு வாசிப்பீர்களா என்பதுதான். வாசிக்க மாட்டோம். எங்கள் பாட்டு ஒன்று இருபது நிமிடம் ஓடும். அதற்குள் தாலி கட்டி, பந்தி முடிந்து, இலையும் எடுத்துவிடுவார்கள். ஆடவும் முடியாது. அடுத்த அடி எங்கே விழும் என்று பாதி நேரம் எங்களுக்கே தெரியாது. இப்படி ஒரு சங்கீதம் இல்லாமல் இந்தத் தொழிற்பேட்டையே தவித்துக்கொண்டிருக்கிறது என்று நான் மனதார நம்பினேன்.

பேண்ட் என்றால் மூன்று பேர். மூவருக்கும் ஒரே கம்பெனி, கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் கம்பெனி. நான் குவாலிட்டி. கையில் அளவு பார்க்கும் கேஜை வைத்துக்கொண்டு, அடுத்தவன் செய்த வேலையில் குறை கண்டுபிடித்துச் சிவப்பு அட்டை ஒட்டுவது என் பிழைப்பு. பேண்டில் கிட்டார் வாசிப்பது, பாட்டு எழுதுவது, கூடவே மேதையாக இருப்பது, மூன்றும் என் பொறுப்பு. கீபோர்டு வாசிப்பவர் பெயிண்ட் ஷாப். ஞாயிறு காலை சர்ச்சில் வாசித்துவிட்டு எங்களிடம் வருவார். எல்லோரையும் பிரதர் என்று அழைப்பதால் அவரை நாங்களும் பிரதர் என்றே அழைத்தோம். எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் கடைசியில் ஆமென் போட்டுத்தான் நிறுத்துவார். மூன்றாவது ஆள் ட்ரம்மர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துக் கிராமத்துக்காரன், என்னோடு ஐடிஐ படித்தவன், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் பதினோரு வருடம் நின்றவன். அவன் காதைத்தான் இந்த ஆல்பத்துக்காக நான் எடுத்துக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், மற்றதெல்லாம் என் வாய்க்கொழுப்பு.

ஆல்பத்தின் கரு என்னுடையது. மூன்று ஷிஃப்டுக்கு மூன்று பாட்டு, நான்காவதாக மெஷின்கள் நின்றபிறகு வரும் அமைதி. ஏ ஷிஃப்ட் பாட்டில் ஷேர் ஆட்டோவில் பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவன் பிரபஞ்சத்தைப் பற்றி யோசிப்பான். நிஜத்தில் அப்படித் தொங்குகிறவன் யோசிப்பதெல்லாம் பஞ்ச் அடிக்க லேட்டாகிவிடுமே என்பதைத்தான். பி ஷிஃப்டில் எட்டு நிமிடம் கேன்டீன் சாம்பார் வரும். அதை நாகரிகத்தின் வீழ்ச்சி என்று நான் நோட்டில் எழுதிவைத்திருந்தேன். சி ஷிஃப்ட் பாட்டு தூக்கத்தைப் பற்றியது. பிரதர் அதை வாசிக்கக் கேட்டு எனக்கே தூக்கம் வந்தது. சரி, கரு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

ஒலிப்பதிவு நடந்தது இருங்காட்டுக்கோட்டையில் பிரதர் வாடகைக்கு இருந்த அறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கப் பாய், போர்வை, குளிர்காலத்து ஸ்வெட்டர் எல்லாவற்றையும் சுவரில் கட்டினோம். இரண்டாவது வாரம் வீட்டுக்கார அம்மா கதவைத் தட்டி, ரிப்பேர் வேலை எப்போது முடியும் என்று கேட்டார். இன்னும் ஆறு மாதம் ஆகும் என்று பிரதர் பணிவாகச் சொன்னார்.

ப்ரோக்ரஸிவ் என்றால் தாளம் கோணலாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. நான்கு எண்ணிக்கையில் வாசிப்பவனெல்லாம் மனிதனா? எங்களுக்கும் ஒரு கோணல் தேவைப்பட்டது. அதைக் கொண்டுவந்தவன் ட்ரம்மர். அவன் நிற்கிற பெரிய பிரஸ் தொடர்ந்து அடிப்பதில்லை. "அஞ்சு அடி அடிச்சுட்டு ரெண்டு எண்ணிக்கை மூச்சு வாங்குது மச்சான்," என்றான். ஆக மொத்தம் ஏழு. இது மிஸ்ர சாபுதானே என்று பிரதர் கேட்டார். இல்லை, ப்ரோக்ரஸிவ் என்று அவர் வாயை அடைத்தேன்.

இங்கேதான் என் மேதைத்தனம் உச்சிக்கு ஏறியது. ஐந்து அடியும் ஒரே மாதிரி இருக்காது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நுணுக்கம் இருக்கும், அதை அப்படியே ட்ரம்ஸில் கொண்டுவா என்றேன். பிரஸ் ஷாப்பில் எல்லோர் காதிலும் ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சில் இயர் பிளக் இருக்கும். "பிளக்கு போட்டா டொம்மு டொம்முன்னுதான் கேக்குது. அந்த நுனிச் சத்தம் கேக்கல," என்றான் அவன்.

"அப்ப கழட்டிட்டுக் கேளுடா. ரெண்டு நாள்தானே," என்றேன் நான்.

இரண்டு நாளில் முடிந்திருந்தால் அது சாதாரணப் பாட்டு. காலையில் மெஷின் குளிர்ந்திருக்கும்போது ஒரு சத்தம், சூடேறியபிறகு வேறு சத்தம், மூன்று ஷிஃப்டையும் கேட்டால்தான் மூன்று பாட்டும் உண்மையாக இருக்கும் என்று நான் அவனுக்கு வகுப்பெடுத்தேன். அவன் அதையும் கேட்டான். சேஃப்டி ஆபீஸர் வரும்போது பிளக்கைச் செருகிக்கொள்வான், போனதும் உருவிவிடுவான். இப்படி ஏழெட்டு மாதம் போனது. நான் அவ்வளவு நேரமும் குவாலிட்டி ரூமில், ஏசியில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன்.

நடுவில் வருடாந்தர காது டெஸ்ட் வந்தது. ஹெட்போனைக் காதில் மாட்டி, பீப் சத்தம் கேட்டதும் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். ட்ரம்மர் திரும்பி வந்து ஒரே சிரிப்பு. பாதி பீப் அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லையாம். ஆனால் டெஸ்ட் எடுத்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சம இடைவெளியில் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இவன் முதல் நான்கிலேயே தாளத்தைப் பிடித்து, மிச்சத்தைக் கணக்குப் போட்டு அமுக்கிவிட்டான். ரிப்போர்ட்டில் காது பிரமாதம் என்று வந்தது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். டெஸ்டையே தாளத்தில் ஏமாற்றியவன் என்று அவனைப் பற்றிப் பி ஷிஃப்ட் பாட்டில் இரண்டு வரி சேர்த்தேன். இப்போது அந்த வரிகளை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மிக்ஸிங்கும் அவன்தான் செய்தான், லேப்டாப் அவனுடையது. ஒவ்வொரு வாரமும் ட்ரம்ஸின் பித்தளைத் தட்டான சிம்பலின் சத்தம் ஏறிக்கொண்டே போனது. காதைக் கிழிக்குது பிரதர் என்று கீபோர்டுக்காரர் கெஞ்சினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினால்தான் தெரியும் என்று அவன் அடம்பிடித்தான். ட்ரம்மர்களுக்கே உள்ள திமிர் என்று நான் தீர்ப்புச் சொன்னேன். அரை மில்லிமீட்டர் கோணலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிறவன் நான். ஒரு மனிதனுக்கு உச்சஸ்தாயிச் சத்தங்கள் கேட்காமல் போய்க்கொண்டிருப்பது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆயுத பூஜை வந்தது. வருடத்தில் அன்று ஒரு நாள்தான் எல்லா மெஷினும் நிற்கும். ரோபோவுக்கு எது நெற்றி என்று கண்டுபிடித்துச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். பிரஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டுவார்கள். போட்டோ எடுப்பதற்காக அன்று மட்டும் போனை உள்ளே விடுவார்கள். எங்களுக்கு அதுதான் வேண்டும். பூஜை முடிந்து எல்லோரும் பொரி கடலை வாங்கப் போனபிறகு, நாங்கள் மூவரும் பிரஸ் ஷாப்பில் நின்று நான்காவது பாட்டுக்காக மூன்று நிமிட அமைதியைப் போனில் பதிவு செய்தோம். உலகத்திலேயே சுலபமான ரெக்கார்டிங். யாரும் எதுவும் வாசிக்க வேண்டாம்.

ட்ரம்மர் ஹெட்போனில் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தான். பின்னால் விசில் மாதிரி ஒன்று வருகிறது, வேறு எடு என்றான். எடுத்தோம். அதிலும் விசில் இருக்கிறது என்றான். நான் கேட்டேன், பிரதர் கேட்டார், எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கம்ப்ரஸரைப் போய்ப் பார்த்தேன், நின்றிருந்தது. மின்விசிறிகளும் நின்றிருந்தன. திரும்பி வந்தபோது அவன் ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கழட்டிட்டேன் மச்சான். இப்பவும் கீது. இன்னும் எந்த மெஷின்டா ஓடிக்கினு கீது?"

எவ்வளவு நாளாக என்று பிரதர்தான் கேட்டார். நாலைந்து மாதமாக இருக்கிறதாம். மெஷின் சத்தம் மண்டையில் தங்கிவிடும், எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். எங்கள் இருவருக்கும் அப்படி இல்லை. பொரிப் பொட்டலத்தோடு யாரோ உள்ளே வந்து, ஏன் இப்படி நிற்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

போன காது வராது, மிச்சத்தையாவது காப்பாற்று என்றார் டாக்டர். ட்ரம்மர் தானே போய் சேஃப்டி ஆபீஸரிடம் டெஸ்டில் தாளம் போட்டதை ஒப்புக்கொண்டான். மறுபடி டெஸ்ட் எடுத்து அவனைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். அங்கே அட்டைப் பெட்டி மடிக்கிறான். நீ சொல்லாவிட்டாலும் நான் கழற்றியிருப்பேன் என்று என்னிடம் இரண்டு முறை சொன்னான். எனக்காகச் சொல்கிறான் என்று தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். விடுடா என்றான். விட முடியவில்லை.

ஆல்பத்தைத் தூக்கிப்போட்டுவிடலாம் என்றேன். அவன்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சிம்பல் சத்தத்தைப் பிரதர் குறைத்தார். குறைத்தது தெரியாமலேயே அவன் தலையாட்டினான். கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தான்.

"நீங்க வச்சிருக்கிறது உங்க அமைதி மச்சான். என்னுது வேற. அதையும் வையி."

அன்று மத்தியானம் பிரதர் கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி மேலே போனார். இதுவா, இல்லை. இதுவா, இன்னும் மேலே. கட்டைகள் தீர்ந்து, பட்டனை அமுக்கி இன்னொரு ஸ்தாயி ஏற்றியபிறகு, அதான் என்றான். மெல்லிசாக, ஊசி மாதிரி ஒரு சத்தம். கால் நிமிடத்துக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த மூன்று நிமிட அமைதிக்கு அடியில் அதை வைத்தோம், கடைசிப் பத்து விநாடி மட்டும் வெறும் அமைதி. பின்னால் ஆல்பத்தை இணையத்தில் ஏற்றியபோது, கடைசிப் பாட்டில் ஒரே விசில், ரெக்கார்டிங் சரியில்லை என்று ஒரு ரசிகர் எழுதினார். குவாலிட்டிக்காரர் போலிருக்கிறது.

ஏற்றுவதற்கு முன்னால் மூவரும் ஒரு முறை முழுசாகக் கேட்டோம். பிரபஞ்சம், சாம்பார், தூக்கம் எல்லாம் ஓடி முடிந்து நான்காவது பாட்டு ஆரம்பித்தபோது ட்ரம்மர் கண்ணை மூடிக்கொண்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"விசில் நின்னதும் தோள்ல ஒரு தட்டு தட்டு மச்சான். நின்னது எனக்குத் தெரியாது."

சரி என்றேன். கிட்டத்தட்ட மூன்று நிமிடம் ஓடியது. விசில் நின்றது. பக்கத்து வீட்டுக் குக்கர் கேட்டது, காக்கை கேட்டது. அவன் கண்ணைத் திறக்காமல், ஒரு விரலால் முட்டியில் ஐந்து தட்டி, இரண்டு எண்ணிக்கை விட்டு, மறுபடி ஐந்து தட்டிக்கொண்டு காத்திருந்தான். நின்றுவிட்டது என்று சொல்ல என் கை அவன் தோளுக்குப் போகவே இல்லை.