சக்கர நாற்காலி வேனும் என் நாத்தனார் செஞ்ச இணையப் பக்கமும்

என் நாத்தனார் ஃபெலிசியாவுக்குக் கண்ணுதான் வினை. பூசைக்குப் போனா சாமியார் பிரசங்கம் அவ காதுல ஏறாது. பீடத்துல பூச்சாடி ஒரு பக்கமா சாஞ்சிருந்தா அதையே பாத்துக்கிட்டு உட்காந்திருப்பா. பூசை முடிஞ்ச கையோட ஓடிப்போய் அதை நேரா வச்சிட்டுத்தான் வெளிய வருவா. நான் கேக் வெட்டினா, "அண்ணி, கோணலா போவுது"ன்னு கத்தியைப் பிடுங்குவா. வாய்க்குள்ள போறதுக்கு நேரென்ன, கோணலென்ன!

கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல பொறந்தவ. என் மாமனார் ஏசுதாசன் அங்க பால்மரம் வெட்டினவரு. மாதா கோயில் திருவிழாவுக்குத் துணியில எழுத்து எழுதணும்னா வெளியாள் தேட மாட்டாங்களாம். பள்ளிக்கூடத்துல படிக்கும்போதே இவதான் எழுதுவாளாம். அப்புறம் பினாங்குல டிசைன் படிச்சு, அங்கேயே ஒரு விளம்பரக் கம்பெனியில வேலை பாத்தா. கம்பெனியை மூடினதும் ஜித்ராவுல எங்க வீட்டு மாடி ரூமுக்கு வந்துட்டா. பேக்கரி, தையல்காரம்மா, ஏர்கான் ரிப்பேர்காரர்னு சின்னச் சின்ன ஆளுங்களுக்கு இணையப் பக்கம் செஞ்சு குடுப்பா. கல்யாணம் வேணவே வேணாம்னுட்டா. வந்த மாப்பிள்ளைங்களோட சட்டைக் கலரு பிடிக்கலையோ என்னமோன்னு நான் கேலி பண்ணுவேன், அவளும் சிரிப்பா. நல்லவதான். பிடிவாதம்தான் ஜாஸ்தி.

என் வீட்டுக்காரர் அமலன், அவளோட அண்ணன், ரொம்ப வருசமா ஜொகூருக்கு லாரி ஓட்டினாரு. வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போவாரு. எனக்குப் பொறுக்கல. "போதும்லா, இங்கேயே ஏதாச்சும் பண்ணுங்க"ன்னு நச்சரிச்சு லாரியை விட வச்சேன். ஒரு பழைய வேனை வாங்கினோம். பின்பக்கம் சாய்வுப் பலகை வச்ச வேன். சக்கர நாற்காலியோட ஆளை அப்படியே உள்ள தள்ளி ஏத்திடலாம். நடக்க முடியாதவங்கள அலோர் ஸ்டார் ஆஸ்பத்திரிக்கும் டயாலிசிஸுக்கும் கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வர்ற வேலை. ஆரம்பத்துல கோயில்ல தெரிஞ்சவங்க ஒண்ணு ரெண்டு பேருதான், ஆனா மனுசனுக்கு அந்த வேலை அவ்வளவு பிடிச்சிருந்துச்சு. வயசானவங்கள ஏத்தி இறக்கும்போது அவரு பேசற அன்பான பேச்சை நான் கல்யாணமான புதுசுல கூடக் கேட்டதில்ல!

வேனுக்கு இணையப் பக்கத்தை ஃபெலிசியா செஞ்சா. அழகுன்னா அப்படி ஒரு அழகு. திறந்தா போன் பூரா வயலு, நடுவுல ஆளில்லாத ரோடு, காலைப் பனி. அதுமேல மெல்லிசா ஒரு வரி, "ஒவ்வொரு பயணமும் ஒரு பிரார்த்தனை." சரி, வேன் எங்க? நம்பர் எங்க? தள்ளிக்கிட்டே போனா அடியில, அதுவும் படத்துக்குள்ள, எறும்பு சைஸ்ல நம்பர். அதைத் தொட்டா போன் போகாது. கேட்டதுக்கு, "போன்ல வர்ற எழுத்து அசிங்கமா இருக்கும் அண்ணி, அதான் எல்லாத்தையும் படமா போட்டுட்டேன்"னா. கோயில் வாட்ஸப்ல எல்லாரும் இதயமா போட்டுத் தள்ளினாங்க. அதைப் பாத்து வேனுக்குன்னு ஒரு ஆளும் கூப்பிடல.

ஒரு நாள் நானே தேடிப் பாத்தேன். இங்க எல்லாரும் தேடற மாதிரி மலாய்ல, "வேன் கெருசி ரோடா ஜித்ரா"ன்னு போட்டேன், கெருசி ரோடான்னா சக்கர நாற்காலி. மஞ்சளும் பச்சையுமா கண்ணைக் குத்தற பக்கமெல்லாம் முன்னாடி வந்து நிக்குது. நம்மளக் காணவே காணோம். மாடிக்குப் போய் அவகிட்ட காட்டினேன். "படத்துக்குள்ள இருக்கற எழுத்தை வச்சு நம்மளத் தேடி எடுக்காது அண்ணி. எழுத்தா எழுதினாத்தான் எடுக்கும். தெரியும்"னா. தெரிஞ்சேவா! எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "அழகு சோறு போடுமாடி? உங்கண்ணன் மறுபடி லாரியில ஏறணுமா?"ன்னு கத்திட்டேன். அவ மொகம் சுண்டிப் போச்சு.

அதோட விட்டேனா? ஜெயகுமார்னு ஒருத்தன், தேடினா முன்வரிசையில கொண்டாந்து நிறுத்தறேன்னு விளம்பரம் பண்ணிக்கிட்டிருந்தான். ஃபெலிசியாகிட்ட சொல்லாமலே அவன்கிட்ட பக்கத்தைக் குடுத்தேன். அவன் அந்த வயலுக்குக் கீழ வேன் மலிவு, வேன் வாடகை, வேன் ஜித்ரா, வேன் சங்லூன், வேன் தஞ்சோங் டாவாய்னு மூட்டை மூட்டையா வார்த்தையைக் கொட்டினான். போன் அடிக்க ஆரம்பிச்சுது, அடடா! ஒருத்தருக்கு ஐஸ்பெட்டியை பண்டார் பாருவுக்கு ஏத்திட்டுப் போகணுமாம். ஒரு கும்பலுக்கு எல்லை தாண்டி ஹட்யாய் போய்ச் சுத்திட்டு வரணுமாம். ஒரு ஆளு மீன் கூடை ஏத்துவீங்களான்னு கேட்டாரு. நோயாளி மட்டும் ஒருத்தரும் இல்ல. ஃபெலிசியா பக்கத்தைப் பாத்தா. சண்டைகூடப் போடல. தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு மாடிக்குப் போனவ, என்கூடப் பேச்சை நிறுத்திட்டா. எனக்கென்னன்னு நானும் விறைச்சுக்கிட்டேன்.

எங்க ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டே இருந்த மனுசன், சத்தமில்லாம பழைய லாரி முதலாளிக்குப் போன் போட்டுட்டாரு. மாசம் பொறந்ததும் வரச் சொல்லிட்டாங்களாம்.

இன்னும் நல்ல படமா எடுத்துப் போட்டா எல்லாம் சரியாயிடும்னு ஃபெலிசியாவுக்கு ஒரு நெனப்பு. கேமராவைத் தூக்கிக்கிட்டு அண்ணனோட வேன்ல ஏறினா. அன்னைக்கு ஏத்த வேண்டியது தங்கமலர் டீச்சரை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், எங்க கோயில்தான், வேன்ல போறது அதுதான் முதல் தடவை. இவரு பலகையில நாற்காலியைத் தள்ளிக்கிட்டிருக்கும்போது போன் அடிச்சிருக்கு. ஃபெலிசியா எடுத்தா. மெல்பர்ன்ல இருந்து டீச்சரோட மக ஜெயந்தினி. நாற்காலியை எதோட கட்டுவீங்க? அம்மாவைத் தூக்கறது யாரு? நடுவுல பாத்ரூம் போகணும்னா? டயாலிசிஸ் முடியற வரைக்கும் நிப்பீங்களா, விட்டுட்டுப் போயிடுவீங்களா? கேட்டுக்கிட்டே இருந்தவங்களுக்கு அழுகை வந்துடுச்சாம்.

வீட்டுக்கு வந்ததும் ஃபெலிசியா நேரா அடுப்படிக்கு வந்தா. அத்தனை நாள் கழிச்சு அப்பத்தான் என்கிட்ட வாயைத் திறந்தா. "அண்ணி, நம்ம பக்கத்தைப் பாத்தீங்களான்னு அவங்களக் கேட்டேன். பாத்தேன், படம் அழகா இருந்துச்சு, ஆனா எங்கம்மாவை அதுல எங்க உட்கார வைப்பீங்கன்னு தெரியலன்னாங்க." அவ கண்ணு கலங்கிப் போயிருந்துச்சு. எனக்கும் மனசு கேக்கல. டீயைப் போட்டுக் கையில குடுத்தேன்.

அப்புறம் மாடியை விட்டு இறங்கவே இல்ல. ஜெயகுமார் மூட்டையைத் தூக்கிப் போட்டா. தன்னோட வயலையும் பனியையும் தூக்கிப் போட்டா, அதைத்தான் என்னால நம்ப முடியல. ஜெயந்தினி கேட்ட ஒவ்வொரு கேள்வியையும் பெரிய எழுத்துல எழுதி, கீழயே பதில். மலாய்ல, தமிழ்ல, இங்கிலீஷ்ல. எந்தெந்த ஊருக்கு வருவோம்னு ஒரு வரி. மேல நம்பர், தொட்டா போன் போகுது. ஒரே ஒரு படம்தான். அண்ணன் குனிஞ்சு நாற்காலியோட பெல்ட்டை மாட்டற படம். அந்தப் படத்துல என்ன இருக்குன்னும் எழுத்துல எழுதி வச்சா. சிக்னல் இல்லாத எடத்துல கூடச் சட்டுன்னு திறக்குது. கண்ணுக்கும் உறுத்தல, எடம் விட்டு எடம் விட்டு அவ்வளவு சுத்தமா இருந்துச்சு. "இப்பதான்டி நீ செஞ்சது மாதிரி இருக்கு"ன்னேன்.

ஆனா தேடல்ல ஏற நாளாகும்னா. நாளு யாருக்கு நிக்குது? மாசம் பொறந்துச்சு, அவரு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. வேனுக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடினோம்.

அவரு போய்க் கொஞ்ச வாரம் ஆச்சு, போன் வந்துச்சு. சிங்கப்பூர்ல இருந்து மனோகரன்னு ஒருத்தர். அப்பாவுக்குக் கால் எடுத்திருக்காங்களாம். "தேடினேன், உங்க பக்கம் வந்துச்சுங்க. நான் கேக்கணும்னு நெனச்சதெல்லாம் அதுல இருந்துச்சு"ன்னாரு. வேன் இப்ப ஓடலைங்கன்னு சொல்லி வச்சேன். மறுநாள் சங்லூன்ல இருந்து ஒரு மலாய்க்கார அம்மா, அவங்க அம்மாவுக்காக. அப்புறம் இன்னொருத்தர். ஒவ்வொருத்தருக்கா இல்ல இல்லன்னு சொல்ல என்னால முடியல. "வேன் ஓடலைன்னு பக்கத்துல போட்டுடுடி, என்னால தாங்க முடியல"ன்னு ஃபெலிசியாகிட்ட அழுதேன். சரின்னு மேல போனா.

சாயங்காலம் அவரு கூப்பிட்டாரு. குரலே சரியில்ல. "என்ன அகத்தா இது? பக்கத்துல மேலயே, கொட்டை எழுத்துல, செக்கச்செவேல்னு, திங்கட்கிழமையிலிருந்து வேன் ஓடும், ஓட்டுறவர் அமலன்னு போட்டிருக்கு! யாரு போடச் சொன்னது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஃபெலிசியா படிக்கட்டுல நிக்கறா. போனை என் கையிலிருந்து வாங்கினா. "நான்தான் போட்டேன் அண்ணே. திட்டணும்னா வந்து திட்டுங்க. கூப்பிட்டவங்க எல்லாருக்கும் நானே போன் போட்டு வர்றோம்னு சொல்லிட்டேன். திங்கட்கிழமை காலையில சங்லூன்ல ஒரு அம்மா நாற்காலியில ரெடியா உட்காந்திருப்பாங்க. வேணாம்னா நீங்களே அவங்களுக்குச் சொல்லுங்க, என்னால முடியாது."

அந்தப் பக்கம் லாரி எஞ்சின் ஓடற சத்தம் கேட்டுச்சு. அது நின்னுச்சு.

"பலகை கீலுக்கு எண்ணெய் போட்டு வைங்க"ன்னாரு. "இத்தனை நாளு மூடியே கிடந்திருக்கு, ஏத்தும்போது அந்தம்மாவுக்குக் குலுங்கும்."