காற்றுக்குக் காத்திருந்த திட்டு

மார்த்தாண்டம் சந்தையில் நேற்று ஒரு கடைக்காரர் நனைந்த கயிற்றுச் சுருளைப் பிரித்தார். அந்த மணம் என்னை இராஜாக்கமங்கலத்துப் பக்கம் காயலின் நடுவே இருந்த மணல்திட்டுக்கே கொண்டுபோய்விட்டது. அந்தத் திட்டை ஆற்றுவெள்ளம் அரித்துக் கடலில் சேர்த்து வருஷங்கள் ஆகிவிட்டன.

அக்கரையில் அத்தை வீட்டு விசேஷத்துக்கு அப்பா எங்களைப் பாய் கட்டிய வள்ளத்தில் கூட்டிப்போவார். அங்கே கால் வைத்ததும் அம்மாவுக்கு அடுப்படிதான், இரண்டு நாளைக்கு நிமிர முடியாது. ஒருமுறை பாதியில் காற்று விழுந்துவிட, திட்டில் ஒதுங்கினோம். சிப்பி நொறுங்கும் மணலில் காலை நீட்டி, அவித்த மரச்சீனிக் கிழங்கைக் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியில் தொட்டுத் தின்றபடி, அம்மா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஏட்டி, காத்து வந்தாச்சு, ஏறு. அக்கா ஏசுவா" என்றார் அப்பா.

"இதெல்லாம் ஒரு காத்தா? இன்னும் கொஞ்சம் வலுக்கட்டும். ஏசணும்னா காத்த ஏசச் சொல்லுங்க."

பாய் நன்றாகவே புடைத்திருந்தது. அப்பா அதைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு பாயை இறக்கிச் சுருட்டி வைத்துவிட்டு, "எனக்கும் ரெண்டு கெழங்கு தா" என்று அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.