செல்லாது அண்ணன்

அவர் பிரிட்ஜ் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெராக்ஸ் கடை மாடியில் கூடுகிற ஒன்பது பேருக்கு மட்டும் 'செல்லாது அண்ணன்'.

அந்த ஒன்பது பேரும் 'ஏழாம் கலம்' பைத்தியங்கள். முப்பது வருடம் முன்பு தொலைக்காட்சியில் வந்த விண்வெளித் தொடர் அது. பிறகு வானொலி நாடகம், படக்கதை, நாவல் என்று குட்டி போட்டுக்கொண்டே போனது. அவற்றில் எது அசல் கதையில் சேரும், எது சேராது என்பதுதான் வாராவாரம் சண்டை. தொலைக்காட்சியில் வந்தது மட்டுமே செல்லும், மற்றதெல்லாம் செல்லாது என்பது அண்ணன் கட்சி. நான்கு பக்கத்துக்கு விதிகள் எழுதி ஆளுக்கொரு பிரதியும் கொடுத்திருந்தார்.

எதிர்க்கட்சி ஒரு பல் டாக்டரம்மா. தொடரின் மூன்றாம் வருடத்தில் கலத்தின் சமையல்காரர் செத்துப்போகிறார். அதற்குப் பிறகு நடக்கிற வானொலி நாடகத்திலோ மனிதர் ஜம்மென்று சூப் கிண்டிக்கொண்டிருக்கிறார். சின்ன வயதில் மஞ்சள் காமாலையோடு படுத்திருந்த டாக்டரம்மாவுக்கு அந்தக் குரல்தான் துணை.

"அவர் சாகலைண்ணா."

"செத்தவர் கையால சூப்பா? செல்லாது."

இந்த ஒரு வழக்கே பதினோரு வருடம் ஓடியது.

ஒரு புதன்கிழமை, தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மா வீட்டில் பிரிட்ஜ் குளிரவில்லை என்று அண்ணன் போனார். ரிலே போயிருந்தது. மாற்றிவிட்டு நிமிர்ந்தால், சுவரில் ஏழாம் கலத்து நடிகர்கள் எல்லோரும் சிரித்தபடி நிற்கிறார்கள்.

"இந்தப் படம் உங்ககிட்ட எப்படிம்மா?"

"நான்தானே தம்பி கதை எழுதினேன்."

அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் நழுவியது. "அம்மா, அந்தச் சமையல்காரர் செத்தாரா, இல்லையா?"

"எந்தச் சமையல்காரர்?"

மூன்றாம் வருடத்தில் செத்துப்போனவர் என்று அண்ணன் எடுத்துக்கொடுத்தார். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஓ, அவரா! மாடிப்படியில விழுந்து காலை உடைச்சுக்கிட்டார். ஷூட்டிங் வர முடியல, சாகடிச்சுட்டோம்."

"அப்புறம் ரேடியோவுல வர்றாரே?"

"ரேடியோவுக்குக் கால் எதுக்கு? நல்ல குரல் தம்பி. செத்தது பொய்ச்சேதின்னு வச்சுக்கிட்டோம்."

ஆக, டாக்டரம்மா சொன்னதுதான் சரி. இதைத் தான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. மூன்று நாள் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "யார் வீட்டுல என்ன ஆச்சு?" என்று பதறிக் கேட்ட மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "போய்ச் சொல்லித் தொலைங்க, நானாவது நிம்மதியா சாப்பிடறேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்பும் எழுந்து நின்று ஒன்று விடாமல் சொன்னார். "நான் தோத்துட்டேன் டாக்டரம்மா."

டாக்டரம்மா குதிக்கவில்லை. பையிலிருந்து அந்த நான்கு பக்கத்தை எடுத்துப் புரட்டினார். "ஆறாவது விதி. 'எழுதினவங்க கதைக்கு வெளியே என்ன சொன்னாலும் செல்லாது.' உங்க கையெழுத்துதானே?"

"அப்போ நான் தோத்தது?"

"செல்லாது."

மாடி அதிர்ந்த சிரிப்பில் கடைக்காரரே மேலே ஓடி வந்து பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: "அண்ணா, அந்த நாடகத்தை நீங்க முழுசா கேட்டிருக்கீங்களா?"

அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். "செல்லாததை எதுக்குக் கேக்கணும்னு விட்டுட்டேன்."

பதினோரு வருடம்! டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பாசத்தோடு பன்னிரண்டு பகுதிகளையும் அவர் போனில் ஏற்றிக்கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அண்ணன் பட்டறையில், பிரித்துப்போட்ட பிரிட்ஜ்களுக்கு நடுவே சமையல்காரர் பேசிக்கொண்டிருந்தார். எட்டாம் பகுதியில் அவர் பாடியபோது அண்ணன் வேலையை நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு டாக்டரம்மா ஆசையாகக் கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"அருமை. ஆனா பத்தாம் பகுதியில தளபதி சமையலறையிலிருந்து படியிறங்கி என்ஜின் ரூமுக்குப் போறார்" என்று அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டி.வி.யில என்ஜின் ரூம் மேல்தளத்துலதானே இருக்கு?"