ஒன்பது போட்டும் நிற்காத ஏழாவது வண்டி

கதை கட்டுகிறேன் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலையும் போயாச்சு.

கள்ளக்குறிச்சியில் சின்ன ஆபீஸ். கல்வராயன் மலைக்குக் கூலி ஆட்களை ஏற்றிப்போகும் வேன்கள் எங்கே ஓடுகின்றன என்று கம்ப்யூட்டரில் பார்ப்பது எங்கள் வேலை. ஒவ்வொரு வேனிலும் சிம் போட்ட கருவி ஒன்று இடத்தை அனுப்பும்; அதை வாங்க சர்வரில் வண்டிக்கு ஒரு புரோகிராம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். வேலை வாங்கிக் கொடுத்தது சீனியர் அரங்கநாதன். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன்.

ஞாயிறு மாலை 4.10. ஆபீசில் நான் மட்டும். போன் வந்தது.

“செவ்வந்தி, வித்துப்போன வண்டி ஏழு இன்னும் சர்வர்ல ஓடிக்கினு இருக்கு. மொத்தத்தையும் ஒரே அடில கில் பண்ணிடும்மா.”

“இன்னைக்கேவாண்ணா?”

“இப்பவே. வூட்டுக்குப் போறதுக்குள்ள.”

எங்கள் சர்வர் ஓடும் யுனிக்ஸில் இது ஒரு வரி வேலை. ஏழுக்கும் சேர்த்துப் பதினைந்தாம் சிக்னல் அனுப்பினேன். ‘முடித்துக்கொள்’ என்று மரியாதையாகச் சொல்வது அது. புரோகிராம் கடைசியாக ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்.

ஆறு நின்றன. ‘நிறுத்தப்பட்டது’ என்று ஆறு வரிகள்.

ஏழாவது நிற்கவில்லை. அது எழுதிய வரி வேறு...

‘இன்னும் யாரும் இறங்கல.’

புரோகிராமைத் திறந்து தேடினேன். அப்படி ஒரு வரியே அதில் இல்லை.

4.16. ஒன்பதாம் சிக்னல். இது கேட்காது, கழுத்தை நெரிக்கும். ஓடும் புரோகிராம்களின் பட்டியலிலிருந்து அது போய்விட்டது.

4.17. திரும்ப வந்தது. அதே எண்ணில். ஒவ்வொரு புரோகிராமுக்கும் யுனிக்ஸ் ஒரு எண் தரும்; செத்ததன் எண்ணை உடனே திரும்பத் தராது.

மறுபடி ஒன்பது. மறுபடி அதே எண்.

டொக்... டொக்... கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில், தகரத்தை உள்ளிருந்து தட்டுவதுபோல.

திரையில் அந்த வண்டியின் புள்ளி. மலைப்பாதைக்குக் கீழே. ரோடே இல்லாத இடம். அண்ணாவுக்குப் போன் போட்டேன்.

“அண்ணா, இது இன்னா வண்டி?”

 

“நீதான கில் பண்ண? உன் ஐடிலதான இருக்கு?”

கட்.

டொக்.

போலீசுக்கு அந்த இடத்தைச் சொன்னேன். இருட்டும் முன் கண்டுபிடித்தார்கள். முந்தின நாளே உருண்ட வேன். டிரைவர் வேடியப்பன், ஆறு பெண்கள். ஒருவருக்கும் உயிரில்லை.

திங்கட்கிழமை அரங்கநாதன் முதலாளியிடம், “அந்தப் பொண்ணுதாங்க எல்லாத்தையும் நிறுத்திடுச்சு” என்றான். அண்ணா என்று கூப்பிட்ட என் வாயைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும். மற்ற ஆறும் நிஜமாகவே விற்ற வண்டிகள். ஓடுகிற வண்டியை அவற்றோடு சேர்த்து என் கையால் முடிக்கப் பார்த்திருக்கிறான்.

ஏன் என்பது பிறகுதான் தெரிந்தது. பழுது என்று அந்த வேனின் கருவியை நான்கு நாள் முன்பே கழற்றிவிட்டு, முதலாளிக்குச் சொல்லாமல் மறைத்திருக்கிறான். வேன் உருண்டபோது அதில் கருவியே கிடையாது; அது வெளியே வராமலிருக்கப் பழியை என் ஐடியில் போட்டிருக்கிறான்.

அவன் மேசை டிராயரிலிருந்து போலீஸ் அந்தக் கருவியை எடுத்தது. பேட்டரி இல்லை. சிம் கார்டும் இல்லை.