ஒரு குண்டுக்கு இவ்வளவு கரி

உலகம் சூடாகாமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று ஆன்ஸ்லின் நெய்யூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். பார்த்துக்கொண்டது மாடி அறையில், ஏசியைக் குளிரக் குளிரப் போட்டுக்கொண்டு. கரண்டு போனால் டீசல் ஜெனரேட்டர் உறுமும். அந்தப் புகை பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வெள்ளை வேட்டியில் படியும். வேட்டிக்காரர் ஆன்ட்ரூஸ் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் கரி பட்டால் என்ன என்று நினைத்திருப்பார், பாவம்.

ஆன்ஸ்லின் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அவனுக்குச் சம்பளம் தரும் வெளிநாட்டுக் கம்பெனி பீரங்கிக் குண்டு செய்கிறது. குண்டு செய்கிறவனுக்கும் மனசாட்சி இருக்காதா? 2030க்குள் கரிப்புகையைப் பாதியாகக் குறைப்போம் என்று கம்பெனி உலகறிய வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கு எந்த மட்டில் இருக்கிறது என்று வருஷாவருஷம் அறிக்கை எழுதுவது ஆன்ஸ்லின். குண்டு ஆலை வாசலைத் தாண்டும் வரைக்கும்தான் புகை கம்பெனி கணக்கு. விழுந்த இடத்தில் எழும் புகைக்கு அவன் அறிக்கையில் இடமே கிடையாது. இதை நினைத்தால் அவனுக்கே சிரிப்பு வரும். சம்பள நாளில் மட்டும் கொஞ்சம் குறைவாக வரும்.

அம்மா தங்கபாயிடம், கம்பெனி செய்வது எஞ்சின் சாமான் என்று சொல்லியிருந்தான்.

அப்போதுதான் எங்கோ இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. குண்டுக்கு ஆர்டர் குவிந்தது. ஆலையின் உலைகள் அணையவே இல்லை. கரிப்புகை கிடுகிடுவென்று ஏறியது, கொடுத்த வாக்கு காற்றில் போனது. வாக்கே இல்லாதபோது வாக்குக்கு அறிக்கை எழுதுகிறவன் எதற்கு, அந்தப் பிரிவையே மூடிவிடலாமா என்று மேலிடத்தில் பேச்சு வந்தது. மாடி கட்டிய கடன் பாதிகூட அடையவில்லை. நாற்பது தாண்டிய ஆளுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? ஆன்ஸ்லினுக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை நின்றால் ஒழிய வேலை நிலைக்காது. சமாதானத்துக்காக அந்த மாதம் அவனைப்போல் உருகி ஜெபித்தவன் ஊர்ச் சபையிலேயே இல்லை.

அம்மா விடவில்லை, என்னவென்று துளைத்தெடுத்தாள். கம்பெனி கஷ்டத்தில் இருக்கிறது, வேலை போனாலும் போகும் என்றான். கம்பெனிக்குக் கஷ்டம் என்றால் ஆர்டர் இல்லை என்றுதானே அர்த்தம். கடை வைத்துப் பிழைக்கிற ஊரில் வேறு எப்படி நினைப்பார்கள்? வெள்ளிக்கிழமைதோறும் தங்கபாய் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருந்து, முழங்காலில் நின்று, மகனுடைய கம்பெனிக்கு ஆர்டர் பெருகவேண்டும் என்று கேட்டாள். அப்படிக் கேட்காதீர்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொன்னால், என்ன ஆர்டர் என்றும் சொல்லவேண்டுமே. ஆக, ஒரே வீட்டில் மாடியிலிருந்து ஒரு விண்ணப்பம் போனது, கீழிருந்து அதற்கு நேர் எதிராக இன்னொன்று போனது.

அம்மாவுடையதுதான் கேட்கப்பட்டது. சண்டை முற்றியது. ஆன்ஸ்லினுக்கும் மூளை வேலை செய்தது. மொத்தப் புகையை ஏன் சொல்லவேண்டும், ஒரு குண்டுக்கு எவ்வளவு கரி என்று சொன்னால் போதுமே. எரிகிற உலை அதேதான்; குண்டு பெருகப் பெருக, ஒரு குண்டின் பங்குக்கு வரும் கரி குறைந்துகொண்டே வந்தது. மேலிடம் பூரித்துப்போனது. பிரிவு பிழைத்தது, அவனுக்குப் பதவி உயர்வும் வந்தது. அன்றைக்குக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து, நீ பிழைத்துக்கொள்வாய் என்று சொல்லிக்கொண்டான். பாராட்டாகத்தான் சொன்னானா என்பது அவனுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை தங்கபாய் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தாள். போதகர் முதலில் யுத்தத்தில் வாடும் ஜனங்களுக்காக ஜெபித்தார். பிறகு, சகோதரன் ஆன்ஸ்லினின் கம்பெனிக்கு ஆர்டர்கள் இரட்டிப்பானதற்காக நன்றி சொன்னார். சபை இரண்டுக்கும் ஆமென் என்றது. ஆன்ஸ்லினும் சொன்னான், இரண்டாவதைக் கொஞ்சம் மெதுவாக.

வெளியே வந்ததும் ஆன்ட்ரூஸ் கையைப் பிடித்துக் குலுக்கினார். கம்பெனி பேரைக் கேட்டார். மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்தும் சொன்னான். ஆன்ட்ரூஸுக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"அது பீரங்கிக் குண்டு செய்யுத கம்பெனியில்லா! நம்ம பயலுக்கு எவ்வளவு பெரிய இடம்!"

பக்கத்தில் நின்ற தங்கபாய் மகனை ஒருதரம் பார்த்துவிட்டு முன்னால் நடந்தாள். அந்த வாரம் முழுக்க அவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் சாப்பிட இறங்கி வந்தபோது ஒரு தட்டுதான் வைத்திருந்தது. இன்னும் எதற்கு உபவாசம், அதுதான் வேலை நிலைத்துவிட்டதே என்றான்.

"எதுக்குன்னு தெரியாமத்தான் இருக்கியேன் மக்கா. சண்ட நிக்கணும்னு கேட்டா உனக்க வேல போவும். நிக்காண்டாம்னு எப்பிடிக் கேக்க, அங்கயும் பிள்ளையள் இருக்குல்லா. நான் என்னத்தக் கேக்கட்டும்? நீ படிச்சவன், நீயே சொல்லு."

உலகத்துக்கே அறிக்கை எழுதுகிறவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அம்மா வெறும் வயிற்றோடு எதிரில் உட்கார்ந்து, அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.