ஞாயிற்றுக்கிழமை திறந்த கடை

எங்கள் தெரு மளிகைக்கடையின் பலகைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணாச்சி ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருவொற்றியூருக்கு வந்து கடை போட்டவர். ஞாயிறென்றால் வெள்ளைச் சட்டையும் அக்குளில் இடுக்கிய வேதாகமமுமாக மனைவியோடு சர்ச்சுக்குக் கிளம்பிவிடுவார். அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமையில் கடை திறந்து யாரும் பார்த்ததில்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பா குவைத்தில் வெல்டர் வேலையில் இருந்தார். அங்கே போர் மூண்டதாக ரேடியோவில் சொன்ன நாளிலிருந்து அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. தெருவிலேயே அண்ணாச்சி கடையில் மட்டும்தான் போன் இருந்தது. அம்மா மீன் விற்கப் போகும்போதும் வரும்போதும் கூடையை இறக்காமலே கடை வாசலில் நின்று, “போன் வந்துச்சா அண்ணாச்சி?” என்று கேட்பாள். அவர் இல்லையென்று தலையை ஆட்டுவார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“நாளைக்கு ஞாயித்துக்கெயம. நீங்க பாட்டுக்கு கடய மூடிட்டுப் பூடுவீங்க. அவரு நாளைக்குப் பார்த்து போன் பண்ணாருன்னா நான் இன்னா பண்ணுவேன்?”

மறுநாள் காலையில்தான் அந்தப் பலகைச் சத்தம் கேட்டது. அம்மாவும் நானும் ஓடினோம். அவர் மனைவி தனியாக சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்தார். அண்ணாச்சி அதே வெள்ளைச் சட்டையில் போன் பக்கத்தில் உட்கார்ந்து வேதாகமத்தைப் பிரித்து வைத்திருந்தார். பருப்பு வாங்க வந்தவரைப் பார்த்து, “யாவாரம் கெடையாதுய்யா. போனுக்குத்தான் தொறந்திருக்கேன்” என்றார்.

காலி எண்ணெய் டின்னின் மேல் அம்மா உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க மணி இரண்டே தடவைதான் அடித்தது. இரண்டு தடவையும் எழுந்து நின்றாள். ஒன்று ராங் நம்பர், இன்னொன்று அண்ணாச்சியின் மைத்துனர். இருட்டுவதற்கு முன் பலகைகளை மாட்ட எழுந்த அவரிடம் அம்மா, “என்னால உங்க பூசைய உட்டுட்டீங்களே” என்று கண் கலங்கினாள்.

“இருக்கட்டும் தங்கச்சி. நான் எங்க இருக்கேன்னு ஆண்டவருக்குத் தெரியும்” என்றார் அவர்.

அடுத்த ஞாயிறும் கடை திறந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறும்.

போன் வந்ததோ ஒரு புதன்கிழமை மத்தியானம். தெருக்குழாயடியில் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு அண்ணாச்சி செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். அப்பாவோடு வேலை செய்த ஒருவர் பம்பாய் வந்து இறங்கி அங்கிருந்து பேசினாராம். அப்பா பஸ் பிடித்து எல்லை தாண்டி இன்னொரு நாட்டின் தலைநகருக்கு வந்துவிட்டார், அங்கே விமானத்துக்காகக் காத்திருக்கிறார் என்று தகவல். ஆனால் மூச்சிரைப்பில் அண்ணாச்சிக்கு முதலில் வந்த வார்த்தை அந்த ஊரின் பெயர்தான்.

“தங்கச்சி! ஒங்க வீட்டுக்காரரு நல்லா இருக்காராம்! அம்மான்ல இருக்காராம்!”

அம்மாவுக்கு அது ‘அம்மன்’ என்று விழுந்தது. ஈரக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, “தாயே! உன் மடியில வெச்சிக் காப்பாத்திகினு கீறியா!” என்று கதறிவிட்டாள்.

“இல்ல தங்கச்சி, அது ஒரு ஊரு…” என்று தொடங்கிய அண்ணாச்சி, அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஆமா தங்கச்சி, அங்கதான் பத்திரமா இருக்காரு” என்றார். தன் தெய்வத்தைத் தவிர இன்னொன்றின் பெயரைச் சொல்லாத மனிதர் அவர்.

பத்து நாள் கழித்து அப்பா சென்ட்ரலில் வந்து இறங்கினார். தாடியும் ஒரே ஒரு பையுமாக, பாதி உடம்பாகியிருந்தார். அந்த ஞாயிறு அண்ணாச்சி குடும்பத்தோடு நாங்களும் சர்ச்சுக்குப் போனோம். அம்மா கையில் தேங்காயோடு, உடைக்க இடம் தேடி வாசலில் நின்றது நினைவிருக்கிறது.

அப்பாவும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை இப்போது. என் மகன் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். அங்கே மறுபடி போர். போன வாரம் இரண்டு நாள் அவனிடமிருந்து ஒரு மெசேஜ்கூட இல்லை. சாப்பிடும்போதுகூடப் போனைக் கீழே வைக்கவில்லை நான். மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டான்.

“நெட்டு இல்லம்மா, நான் நல்லாத்தான் கீறேன். அடுத்த மாசம் ரூம் தோஸ்து ஒருத்தன் லீவுக்கு வரான். திரும்பி வரும்போது அவன்கிட்ட நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு குட்த்து அனுப்பு.”

“அங்க சண்ட நடந்துகினு கீது, உனுக்குத் தொக்கு கேக்குதா?” என்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

“சண்ட என்னிக்கினா முடியும்ல? அப்ப சோத்துக்குத் தொட்டுக்க வாணாமா?”

இன்று விடியலில் காசிமேடு போய் நெத்திலி வாங்கிவந்து, உப்புப் போட்டு மொட்டைமாடியில் பரப்பியிருக்கிறேன். மணலி ஆலைகளின் பக்கம் வழக்கமான புகை. ஆனாலும் வெயில் நன்றாக அடிக்கிறது. காக்காய் ஓட்டக் கையில் ஒரு கம்போடு நிற்கிறேன். அந்தத் தோஸ்துப் பையன் லீவுக்கு வருவதற்குள் நன்றாகக் காய்ந்துவிடும்.